ட்ரொம்சோ – லாங்இயர்பியன் விமானப் பயணம்: தூரம், நேரம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்வேயின் வடக்கே உள்ள ட்ரொம்சோவிலிருந்து ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லாங்இயர்பியனுக்கு ஆண்டு முழுவதும் பயணிகள் விமானம் போகிறது. தூரம், நேரம் இரண்டுக்கும் விடை ஒரு வரிதான். ஆனால் அந்த வரியைப் படித்தவுடன் அடுத்தடுத்துக் கேள்விகள் வருகின்றன. அவற்றையும் சேர்த்தே இங்கே சொல்லியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

நேர்கோட்டில் சுமார் 960 கிலோமீட்டர். கடல் மைலில் 518 அளவில் வரும். கால அட்டவணையில் பெரும்பாலும் 1 மணி 35 நிமிடத்திலிருந்து 1 மணி 45 நிமிடம் வரை போட்டிருப்பார்கள்.

இந்த இரண்டு ஊர்களும் சரியாக எங்கே இருக்கின்றன?

ட்ரொம்சோ விமான நிலையம் வடக்கு 69.68 பாகையில், ஆர்க்டிக் வட்டத்துக்கு நன்றாக மேலே, ட்ரொம்சோயா என்ற தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. லாங்இயர்பியன் விமான நிலையம் வடக்கு 78.25 பாகையில், ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில், நகரத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிக் கடலோரமாக இருக்கிறது. அங்கிருந்து வட துருவம் சுமார் 1,310 கிலோமீட்டர். பொதுமக்கள் டிக்கெட் வாங்கி வழக்கமான விமானத்தில் போய் இறங்கக்கூடிய நிலையங்களில் உலகிலேயே வடக்கே இருப்பது இதுதான். கனடாவின் அலர்ட் இன்னும் வடக்கே, 82 பாகையையும் தாண்டி இருக்கிறது. ஆனால் அது ராணுவத்துடையது, நாம் டிக்கெட் எடுத்துப் போகும் இடமல்ல.

ஒரு தளத்தில் 957 கி.மீ., இன்னொன்றில் 961 கி.மீ. என்று வருகிறது. எது சரி?

இரண்டும் சரிதான். பூமியைச் சரியான உருண்டை என்று வைத்துக் கணக்கிட்டால் 957, 958 என்று வரும். உண்மையில் பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருப்பதால், அங்கே ஒரு பாகை அட்சரேகையின் நீளம் நிலநடுக்கோட்டுப் பக்கத்தில் இருப்பதைவிடச் சற்று அதிகம். அந்த வடிவத்தையும் கணக்கில் எடுத்தால் 961 வருகிறது. துல்லியம் வேண்டுபவர்கள் 961ஐ எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு இந்த மூன்று, நான்கு கிலோமீட்டர் ஒரு பொருட்டே அல்ல. காற்றுக்கும் ஓடுபாதையின் திசைக்கும் ஏற்ப விமானம் சுற்றி வளைத்து இறங்கினாலே அதைவிடப் பல மடங்கு கூடிவிடும்.

நானே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

தாராளமாக. இந்த வழித்தடம் கிட்டத்தட்ட நேர் வடக்காகப் போவதால் பள்ளிக்கூடக் கணிதமே போதும்.

இரண்டு நிலையங்களுக்கும் அட்சரேகை வேறுபாடு 8.57 பாகை. ஒரு பாகை 111.2 கி.மீ. என்று வைத்தால் வடக்கு நோக்கிய தூரம் 953 கி.மீ. தீர்க்கரேகையில் ட்ரொம்சோ கிழக்கு 18.92, லாங்இயர்பியன் கிழக்கு 15.47, அதாவது வேறுபாடு 3.45 பாகை. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுவதால் இதை நேரடியாக 111.2ஆல் பெருக்கக் கூடாது. நடுவில் உள்ள 74 பாகையின் கொசைன் மதிப்பான 0.276ஆலும் பெருக்க வேண்டும். அப்படிச் செய்தால் 106 கி.மீ. இனி பிதாகரஸ்: 953இன் வர்க்கமும் 106இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 959.

மாலுமிகளுக்கும் விமானிகளுக்கும் இன்னும் எளிய வழி உண்டு. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு கடல் மைல். 8.57ஐ 60ஆல் பெருக்கினால் 514 கடல் மைல். பக்கவாட்டில் உள்ள நூறு கிலோமீட்டரை மறந்துவிட்டாலும் விடை அவ்வளவு நெருக்கமாக வருகிறது. அது நேர் வடக்கு, தெற்கான வழித்தடத்தில் மட்டும் கிடைக்கும் சௌகரியம், எல்லா இடத்திலும் முயல வேண்டாம்.

உலக வரைபடத்தில் இதைவிட மிகவும் தூரமாகத் தெரிகிறதே?

சுவரில் மாட்டும் வரைபடமும், கைபேசியில் நாம் பார்க்கும் வரைபடங்களில் பலவும் மெர்க்கேட்டர் முறையில் வரைந்தவை. அதில் திசைகள் சரியாக இருக்கும், அளவுகள் இருக்காது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக எல்லாமே ஊதிப் பெருத்துவிடும். 74 பாகையில் தூரங்கள் மூன்றரை மடங்குக்கும் மேல் நீண்டு தெரியும்.

எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு. இந்தியாவின் வடக்கு, தெற்கு நீளம் 3,214 கி.மீ. மெர்க்கேட்டர் வரைபடத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தால், இந்தியாவின் அந்த முழு நீளமும் ட்ரொம்சோவிலிருந்து லாங்இயர்பியன் வரையிலான கோடும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். உண்மையில் இது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வரைபடத்தைப் பார்த்து "நான்கைந்து மணி நேரம் ஆகுமோ" என்று பயப்படுகிறவர்கள் ஒரு தடவை பூகோள உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

டிக்கெட்டில் 1 மணி 40 நிமிடம். விமானத்தில் கேட்டால் பறக்கும் நேரம் அதைவிடக் குறைவு என்கிறார்கள். ஏன்?

டிக்கெட்டில் இருப்பது விமானம் நிலையத்தை விட்டு நகரத் தொடங்கும் நேரத்திலிருந்து, அங்கே போய் நிற்கும் நேரம் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, குளிர்காலத்தில் இறக்கைகளில் படிந்த பனியைத் திரவம் பீய்ச்சிக் கரைப்பது, இறங்கிய பிறகு திரும்பி வருவது எல்லாம் அதில் அடக்கம். விமானம் காற்றில் இருக்கும் நேரம் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடும்.

தூரம் கணக்கிடும் தளங்கள் காட்டும் பயண நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் பல, தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் போன்ற ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டிவிடும், அவ்வளவுதான். 960ஐ 800ஆல் வகுத்தால் 1 மணி 12 நிமிடம், கூட அரை மணி, ஆக 1 மணி 42 நிமிடம். இந்த வழித்தடத்தில் அது கால அட்டவணையோடு பொருந்துகிறது. எல்லா வழித்தடத்திலும் அப்படிப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம். குட்டி விமானங்கள் பறக்கும் இடங்களில் அந்தக் கணக்கு படு மோசமாகத் தவறும்.

போகும்போதும் திரும்பும்போதும் நேரம் வேறுபடுமா?

பெரிய வேறுபாடு இருக்காது. கிழக்கு, மேற்காகப் பறக்கும் நீண்ட வழித்தடங்களில்தான் மேலைக்காற்று ஒரு பக்கம் தள்ளியும் மறுபக்கம் தடுத்தும் விளையாடும். இங்கே விமானம் கிட்டத்தட்ட நேர் வடக்காக, சரியாகச் சொன்னால் 355 பாகைத் திசையில் கிளம்புகிறது. மேலைக்காற்று பக்கவாட்டில்தான் அடிக்கும். புயல் சின்னம் ஏதாவது நடுவில் சுழன்றுகொண்டிருந்தால் சில நிமிடங்கள் முன்பின் ஆகலாம்.

கடிகாரத்தை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஸ்வால்பார்டிலும் நார்வே நேரம்தான். அதனால் இறங்கும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழித்தால் அதுவே பயண நேரம்.

நடுவில் அவசரமாக இறங்க வேண்டியிருந்தால் இடம் உண்டா?

இல்லை. இந்த வழித்தடத்தின் உண்மையான குணம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 960 கி.மீ. என்பது ஜெட் விமானத்துக்குச் சின்னத் தூரம். ஐரோப்பாவின் நடுப்பகுதியில் இதே தூரம் பறந்தால் வழியில் பத்து, இருபது விமான நிலையங்களைத் தாண்டியிருப்போம். இங்கே நார்வே கரையை விட்டால் ஸ்பிட்ஸ்பெர்கனின் தென்முனை வரை ஏறத்தாழ 700 கி.மீ. கடல். நடுவில் இருப்பது பியோர்னோயா என்ற கரடித் தீவு மட்டும். அங்கே நார்வே வானிலைத் துறையின் நிலையமும் அதில் வேலை பார்க்கும் சிலரும் உண்டு. ஜெட் இறங்கும் ஓடுபாதை கிடையாது.

ஆனாலும் இது ஆபத்தான பறத்தல் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு ஒரு விதி உண்டு: ஓர் எஞ்சின் நின்றுபோனால், மற்றொன்றை வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது ஓர் ஓடுபாதையை அடைய முடிய வேண்டும். அதற்கு மேல் விலகிப் பறக்கத் தனி அனுமதி தேவை. இங்கே சரியாக நடுவில் இருந்தாலும் இரண்டு பக்கமும் 480 கி.மீ.தான், முக்கால் மணி நேரத்துக்குள் எட்டிவிடலாம்.

சிக்கல் வேறு இடத்தில். லாங்இயர்பியனுக்கு மேலே போய்ச் சேர்ந்த பிறகு, மூடுபனியாலோ பக்கக் காற்றாலோ இறங்க முடியவில்லை என்றால் என்ன செய்வது? பக்கத்தில் வேறு ஜெட் ஓடுபாதை இல்லை. வந்த வழியே திரும்பி நார்வே தலைநிலத்துக்குத்தான் வர வேண்டும். அதற்கான எரிபொருளும் சேர்த்துத்தான் கிளம்பும்போதே நிரப்புகிறார்கள். ஒன்றரை மணி நேரம் பறந்து, மேலே கொஞ்ச நேரம் வட்டமடித்து, மறுபடி ஒன்றரை மணி நேரம் பறந்து கிளம்பிய ஊரிலேயே வந்து இறங்குவது இந்த வழித்தடத்தில் நடக்கக்கூடியதுதான். அதனால் லாங்இயர்பியனிலிருந்து திரும்பும் நாளிலேயே ஆஸ்லோவில் சர்வதேச விமானத்துக்கு இணைப்பு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் இல்லை. ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

லாங்இயர்பியன் ஓடுபாதை எப்படிப்பட்டது?

1975இல் திறந்தார்கள். அதற்கு முன்னால் குளிர்காலத்தில் ஆட்வென்ட்டாலன் பள்ளத்தாக்கின் உறைந்த தரையைச் சீர்செய்து அதில் விமானங்களை இறக்கினார்கள். அதற்கும் முன்னால், கடல் உறைந்துவிட்டால் வசந்தம் வரை ஊருக்கு வெளியுலகத் தொடர்பே பெரும்பாலும் அறுந்துபோகும். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் இலையுதிர்காலத்தின் கடைசிக் கப்பலில் வந்தால் வசந்தத்தின் முதல் கப்பல் வரை அங்கேதான்.

ஓடுபாதையின் நீளம் இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அது கிடப்பது ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்கும் மண்ணின் மேல். மேல் அடுக்கு கோடையில் இளகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும்போது தார்ப்பரப்பு மேடு பள்ளமாகிவிடுகிறது. ஸ்வால்பார்டில் வெப்பம் உலகச் சராசரியைவிடப் பல மடங்கு வேகமாக ஏறிக்கொண்டிருப்பதால் பழுதுபார்க்கும் வேலையும் ஓய்வதில்லை.

சுற்றிலும் மலைகள். 1996 ஆகஸ்ட் 29 அன்று மாஸ்கோவின் வ்னுக்கோவோவிலிருந்து வந்த டுபொலெவ் 154 விமானம், இறங்க வரும்போது பாதை விலகி, நிலையத்துக்குக் கிழக்கே சுமார் 14 கி.மீ. தூரத்தில் ஓப்பெராஃபியெல்லெட் மலையில் மோதியது. அதில் இருந்த 141 பேரும் இறந்தார்கள். பெரும்பாலோர் பேரன்ட்ஸ்பர்க் சுரங்க ஊருக்கு வந்த ரஷ்ய, உக்ரைன் தொழிலாளர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும். நார்வே மண்ணில் நடந்த மிக மோசமான விமான விபத்து இன்றுவரை அதுதான்.

நார்வேக்குள்தானே பறக்கிறோம், பாஸ்போர்ட் எதற்கு? விசா வேண்டுமா?

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலைக் கவனமாகப் படியுங்கள். ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருக்கிறது, ஆனால் ஷெங்கன் பகுதிக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்புக்கு, வெளியே இருக்கிறது. அதனால் ட்ரொம்சோவில் உள்நாட்டு விமானம் ஏறுவதுபோல் நேரே ஏற முடியாது, பாஸ்போர்ட் சோதனையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆஸ்லோவில் ஏறி ட்ரொம்சோ வழியாகப் போகும் விமானமாக இருந்தாலும், ட்ரொம்சோவில் எல்லாரும் கைப்பையோடு இறங்கி, சோதனை முடித்து, மறுபடி அதே விமானத்தில் ஏற வேண்டியிருக்கும். பயண நேரத்தில் இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஸ்வால்பார்டுக்குப் போக எந்த நாட்டவருக்கும் விசா தேவையில்லை. 1920இல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தம், அதில் சேர்ந்த நாடுகளின் மக்களுக்கு அங்கே போகவும் தொழில் செய்யவும் சம உரிமை தருகிறது. இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே போகும் வழி நார்வே வழியாகத்தானே? நார்வேக்குள் நுழைய ஷெங்கன் விசா வேண்டும். லாங்இயர்பியன் விமானத்தில் ஏறியதும் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியவர். திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசா வைத்திருந்தால் அங்கே போய்விடலாம், திரும்புவதற்குத்தான் வழி இருக்காது. ஆகவே விண்ணப்பிக்கும்போதே இரட்டை நுழைவு அல்லது பலமுறை நுழைவு விசாவாகக் கேளுங்கள்.

ஆஸ்லோவிலிருந்து நேராகப் போக முடியாதா?

போகலாம். ஆஸ்லோ – லாங்இயர்பியன் 2,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல், நேர் விமானத்தில் சுமார் 3 மணி நேரம். எஸ்ஏஎஸ், நார்வீஜியன் இரண்டு நிறுவனங்களும் லாங்இயர்பியனுக்குப் பறக்கின்றன. ட்ரொம்சோவையும் பார்க்க நினைப்பவர்களுக்கு ட்ரொம்சோ வழி நல்லது. அவசரமாகப் போய்ச் சேர வேண்டியவர்களுக்கு நேர் விமானம்.

கப்பலில்?

ஆண்டு முழுவதும் ஓடும் பயணிகள் படகு கிடையாது. கோடையில் உல்லாசக் கப்பல்கள் போகின்றன. மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் நிற்காமல் போனாலும் ஒன்றரை நாள் ஆகும்.

எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்ல காட்சி?

வடக்கே போகும்போது வலப்பக்க ஜன்னல் என்பேன். கரடித் தீவு பாதைக்குச் சுமார் 45 கி.மீ. கிழக்கே வரும், பாதித் தூரம் தாண்டியதும் பார்க்கலாம். அந்தத் தீவை மேகம் மூடியிருக்கும் நாட்கள்தான் அதிகம் என்பதால் பெரிய நம்பிக்கை வேண்டாம். கடைசிக் கால் மணி நேரம் இரண்டு பக்கமும் குறைவில்லை: தென்முனையான சோர்காப்பைத் தாண்டியதும் பனியாறுகளும் கூர்மையான மலைமுகடுகளும் கீழே வரத் தொடங்கும். ஸ்பிட்ஸ்பெர்கன் என்ற பெயரே கூர்முனை மலைகள் என்ற பொருளில் வைத்ததுதான். நிலையத்துக்கு மேலே மலைச்சரிவில் உலக விதைக் காப்பகத்தின் நுழைவாயில் இருக்கிறது. 2008இல் திறந்தது. இறங்கிய பிறகு வெளியே வந்தால், துருவக் கரடி எச்சரிக்கைப் பலகையும் பல ஊர்களின் தூரங்களைக் காட்டும் கம்பமும் நிற்கும். எல்லாரும் அங்கேதான் படம் எடுக்கிறார்கள்.

எந்த மாதத்தில் போனால் ஜன்னலில் ஏதாவது தெரியும்?

டிசம்பரில் ஒன்றும் தெரியாது. லாங்இயர்பியனில் அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை. ட்ரொம்சோவிலும் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை அப்படித்தான், ஆனால் இரண்டு இருட்டும் ஒன்றல்ல. டிசம்பர் 21 நண்பகலில் ட்ரொம்சோவில் சூரியன் அடிவானத்துக்கு 3 பாகை மட்டுமே கீழே இருப்பதால் வானம் நீலமும் இளஞ்சிவப்புமாக வெளுத்திருக்கும். அதே நண்பகலில் லாங்இயர்பியனில் சூரியன் கிட்டத்தட்ட 12 பாகை கீழே, மதியச் சாப்பாட்டு நேரத்திலும் நல்ல இருட்டு.

எனக்குப் பிடித்தது பிப்ரவரி முதல் வாரம். நண்பகலை ஒட்டி ட்ரொம்சோவில் கிளம்பினால் தெற்கே தாழ்வாகச் சூரியன் நிற்கும். வடக்கே போகப் போக அது பின்னால் கீழே இறங்கி, லாங்இயர்பியனில் இறங்கும்போது நீல அந்தி மட்டும் மிச்சமிருக்கும். மலைகள் மறைப்பதால் அந்த ஊருக்குள் வெயில் படுவது மார்ச் 8 வாக்கில்தான், அதை விழாவாகவே கொண்டாடுகிறார்கள்.

ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் தாண்டும் வரை அங்கே சூரியன் மறைவதில்லை. நள்ளிரவு விமானமாக இருந்தாலும் ஜன்னல் ஓரம் வீணாகாது. பனி மூடிய மலைகளும் வெளிச்சமும் சேர்ந்து வேண்டுமானால் ஏப்ரல், மே.

லாங்இயர்பியனுக்கும் வடக்கே விமானம் உண்டா?

உண்டு, ஆனால் எல்லாருக்கும் அல்ல. அங்கிருந்து வடமேற்கே சுமார் 110 கி.மீ. தூரத்தில் நி-ஓலெசுண்ட் என்ற ஆராய்ச்சிக் குடியிருப்பு இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நாடுகளின் நிலையங்கள் ஒரே இடத்தில். 2008இலிருந்து இந்தியாவின் ஹிமாத்ரியும் அங்கே உண்டு. லாங்இயர்பியனிலிருந்து குட்டி விமானத்தில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் இடங்கள் ஆராய்ச்சியாளர்களுக்கும் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும்தான். சுற்றுலாப் பயணிகள் கோடையில் கப்பலில் போய் இறங்கிப் பார்க்கலாம். சாலை வழி கேட்டு வருகிறவர்களும் உண்டு: ஸ்வால்பார்டில் ஓர் ஊரையும் இன்னோர் ஊரையும் இணைக்கும் சாலையே கிடையாது.